தறிக்குழியும் தெருவும்: மனநலப் பராமரிப்பில் உடலியக்கத்தின் இடம் – காஞ்சிபுரம் நெசவுச் சமூகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடிவதற்குள் தறிச் சத்தம் எழுந்துவிடும். நெசவாளி தரையோடு தரையாக அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டிருப்பார். பாதங்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தும். கை நாடாவை எறியும், உடனே அச்சை இழுத்து அடிக்கும். கண்ணோ மயிரிழை போன்ற மெல்லிய பட்டிழையில் நிலைத்திருக்கும். ஒரு புடவை இறங்க இரண்டு வாரம் பிடிக்கலாம். வேலைப்பாடு கூடினால் நாளும் கூடும். அத்தனை நாளும் அந்த உடம்பு ஓய்வது கிடையாது.

அதே மனிதர் ஒரு நாள் மருத்துவரின் முன் உட்கார்ந்து, “உடம்பெல்லாம் அசதியா இருக்கு டாக்டர். தூக்கம் வரல. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. தறியில உக்காந்தா வேலை ஓட மாட்டேங்குது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் மனச்சோர்வைக் கண்டறிந்து, மருந்தும் எழுதி, “தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி பண்ணுங்க” என்கிறார். நெசவாளி திகைத்துப் போகிறார். “நாள் முழுக்க உடம்பாலதானே டாக்டர் பாடுபடறேன்?”

இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். மனநோய்ச் சிகிச்சையில் உடலியக்கம் பயன் தருகிறது என்பதற்கு உலக அளவில் போதிய சான்றுகள் சேர்ந்துவிட்டன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சமூகங்களிலிருந்து வந்தவை. உடலுழைப்பிலேயே தேய்ந்துபோன ஊருக்கு அந்த அறிவுரையை அப்படியே கொண்டுவந்தால் அது பொருந்தாது. சில நேரம் புண்படுத்தவும் செய்யும். மனத்தை ஆற்றுவது உழைப்பின் அளவு மட்டுமே என்றால் தறிக்காரருக்கு மனச்சோர்வே வரக்கூடாது. ஆற்றும் அசைவுக்கு வேறு மூன்று குணங்கள் வேண்டும்: அது தன் விருப்பத்தில் நடக்க வேண்டும், திறந்த வெளியில் நடக்க வேண்டும், துணையோடு நடக்க வேண்டும். காஞ்சியை முன்வைத்து இந்தக் கருத்தை நிறுவ முயல்கிறேன்.

1.1 சொற்களும் எல்லையும்

இங்கே ‘உடலியக்கம்’ என்பது உடற்பயிற்சி மட்டுமன்று. நடை, விளையாட்டு, ஆட்டம், யோகப் பயிற்சி, கோயில் சுற்று, தோட்டவேலை எல்லாம் அதில் அடங்கும். ‘உளச்சமூகப் பராமரிப்பு’ என்பது நோயாளியின் மனத்தோடு அவருடைய குடும்பம், வேலை, கடன், தெரு, உறவு ஆகியவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் முறை. மருந்தை விலக்கும் முறையாக அதைக் கொள்ளக்கூடாது. மருந்தால் எட்ட முடியாத இடங்களுக்கு அது கை நீட்டுகிறது.

2. வரலாற்றுப் பின்னணி

2.1 கட்டிவைத்த காலமும் அவிழ்த்துவிட்ட காலமும்

மனநோயாளியின் உடம்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு மனிதகுலம் நெடுங்காலம் ஒரே விடையைத்தான் வைத்திருந்தது: கட்டிவை. 1796-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் தொடங்கிய இல்லம் அந்த விடையை மறுத்தது. சங்கிலிக்குப் பதில் அங்கே தோட்டமும் நடையும் கைவேலையும் மருந்தாயின.

அதற்கு இரண்டாண்டு முன்பே, 1794-இல், வாலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு காப்பகம் தொடங்கியிருந்தார். பின்னர் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்து இன்று அரசு மனநலக் காப்பகமாக நிற்பது அந்த மரபின் தொடர்ச்சியே. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் எம். சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் பொறுப்பில் இருந்தார். பூட்டிய அறையிலிருந்து நோயாளியைப் புறநோயாளர் பிரிவுக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் நகர்த்தியது அக்காலத்தின் பெரும் மாற்றம். 1984-இல் அவர் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ எனும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், மறுவாழ்வைச் சிகிச்சையின் பாதியாகவே கருதியது.

ஆனாலும் கட்டும் வழக்கம் ஒழியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உடலியக்கம் பற்றிய எந்த ஆய்வும் அந்தக் கொட்டகையை மறந்துவிட்டுத் தொடங்கக்கூடாது. கால்களுக்கு இருக்கும் முதல் உரிமை, கட்டப்படாமல் இருப்பது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த முறையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. சட்டம் அவிழ்த்த கால்களை நடக்க வைப்பது அடுத்த கடமை. அதைச் சட்டத்தால் மட்டும் செய்ய முடியாது.

2.2 மெய்ப்பாடு: தமிழின் பழைய அறிவு

உள்ளத்து உணர்வு உடம்பில்தான் புலப்படும் என்பதைத் தொல்காப்பியம் ஓர் இயலாகவே வகுத்தது. அதற்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். இலக்கியத்துக்காக எழுதப்பட்ட இலக்கணம் அது என்றாலும் அதன் அடியிலுள்ள பார்வை இன்றைக்கும் நம் பேச்சில் உயிரோடிருக்கிறது. துயரப்படும் தமிழர் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்வது அரிது. “கை கால் ஓய்ஞ்சு போச்சு”, “தலை பாரமா இருக்கு”, “வயித்தைப் பிசையுது” என்றே சொல்வார்.

இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. ரகுராமும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் பெங்களூரில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை விளக்கியது. மனச்சோர்வின் உணர்வுக் குறிகளை ஒப்புக்கொள்வதில் வெட்கமும் அவப்பெயர் அச்சமும் கூடியிருந்தன. உடல்வலிகளைச் சொல்வதில் அந்தச் சுமை இல்லை, ஏனெனில் வலி எல்லாருக்கும் வருவது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் “மனநோய்” என்ற சொல் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். எனவே நம் மக்களிடம் மனத்துக்குள் நுழைய உடம்பே திறந்திருக்கும் வாசல். “உங்கள் மனத்தைப் பற்றிப் பேசலாம் வாருங்கள்” என்றால் வராதவர், “காலையில் கொஞ்சம் நடக்கலாம் வாங்க” என்றால் வருவார். நடக்கும்போது பேசுவார்.

3. உடலியக்கம் மனத்தில் வேலை செய்யும் வழிகள்

3.1 மூளை

மனச்சோர்வு நீடிக்கையில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கக்கூடும். 2011-இல் எரிக்சன் குழுவினர் 120 முதியவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு அந்தப் பகுதியின் பருமன் ஏறத்தாழ 2% கூடியிருந்தது. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்திருந்தது. நரம்பணுக்களை வளர்க்கும் புரதங்கள் உடலசைவால் பெருகுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

3.2 உறக்கமும் வெளிச்சமும்

காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடலின் கடிகாரத்தைச் சரிசெய்யும். பகலில் அசைந்த உடல் இரவில் ஆழ்ந்து உறங்கும். தறிக்கூடம் பெரும்பாலும் வீட்டுக்குள், மங்கிய ஒளியில் இருக்கிறது. அங்கே பகல் முழுதும் உழைத்தாலும் சூரியனைப் பார்ப்பது குறைவு. உழைப்பு இருந்தும் உறக்கம் வராததற்கு இது ஒரு காரணமாகலாம்.

3.3 படபடப்போடு பழகுதல்

பதற்ற நோயில் இதயத்துடிப்பு கூடுவதே பேரச்சத்தைத் தூண்டும். “மாரடைப்புதான்” என்று மனம் முடிவு கட்டிவிடும். வேகமாக நடக்கையிலும் இதயம் அப்படித்தான் அடிக்கிறது, மூச்சு அப்படித்தான் வாங்குகிறது. ஆனால் எதுவும் நேர்வதில்லை. பலமுறை இப்படிப் பழகிய உடம்பு, துடிப்பை ஆபத்தென்று எண்ணுவதைப் படிப்படியாக விட்டுவிடும்.

3.4 செயலிலிருந்து மனநிலை

மனச்சோர்வில் இருப்பவர், மனம் தெளிந்ததும் எழுந்து நடக்கலாம் என்று காத்திருக்கிறார். அந்த நாள் வருவதில்லை. செயல் முந்தினால் மனநிலை பின்தொடரும் என்பது இன்றைய உளவியல் சிகிச்சையின் உறுதியான கண்டுபிடிப்புகளுள் ஒன்று. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு இதை நம் நாட்டு மண்ணில் மெய்ப்பித்தது. மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், ஆறு முதல் எட்டு அமர்வுகளில், சிறு சிறு செயல்களை நோயாளியின் நாளில் மீண்டும் நட்டார்கள். கடுமையான மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது.

3.5 உறவு

சேர்ந்து நடப்பவர்களின் அடி தானாகவே ஒத்துப்போகும். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல்லக் கூசும் செய்தியைத் தோளோடு தோளாக நடக்கும்போது எளிதில் சொல்லலாம். இதை அளக்கும் கருவி குறைவு. ஆனால் கிராமத்து ஏரிக்கரையில் நடந்து பழகிய எவருக்கும் இது தெரியும்.

4. சான்றுகளின் நிலை

4.1 மனச்சோர்வு

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ப்ளூமெந்தால் குழுவினர் மனச்சோர்வுள்ள 156 நடுவயதினரையும் முதியோரையும் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு செர்ட்ரலின் மாத்திரை, ஒன்றுக்கு இரண்டும். 16 வாரங்களுக்குப் பின் மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன (1999). மாத்திரை விரைவாக வேலை செய்தது; பயிற்சி நிதானமாக வந்து சேர்ந்தது. 2024-இல் வெளியான நோட்டல் குழுவின் தொகுப்பாய்வு 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் உள்ளடக்கியது. நடை அல்லது மெல்லோட்டம், யோகம், தசைவலுப் பயிற்சி ஆகியவை நல்ல பலன் தந்தன.

தடுப்பிலும் பயனுண்டு. நார்வேயில் 33,908 பேரை 11 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு, எல்லாரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அசைந்திருந்தால் பின்னாளில் வந்த மனச்சோர்வில் சுமார் 12% தவிர்ந்திருக்கும் என்று கணித்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் நாளுக்கு ஒன்பது நிமிடம் கூட இல்லை. உழைத்துக் களைத்தவரிடமும் கூசாமல் கேட்கக்கூடிய அளவு அது.

சான்றின் தரத்தையும் சொல்லியாக வேண்டும். 2013-இன் காக்ரேன் தொகுப்பாய்வு, மிகக் கண்டிப்பாக வடிவமைத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் பலனின் அளவு குறைகிறது என்று எச்சரித்தது. உடலியக்கம் நல்ல துணைமருந்து. அதைச் சர்வரோக நிவாரணி ஆக்கக்கூடாது.

4.2 மனச்சிதைவு நோய்

கடும் மனநோய் உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டு குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பகுதிக்கு இதயநோய், சர்க்கரை போன்ற உடல்நோய்களே காரணம். சில மருந்துகள் எடையையும் கூட்டுகின்றன. ஆக அங்கே நடை, உயிர் காக்கும் மருத்துவம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் துரைசாமி, தீர்த்தஹள்ளி, நாகேந்திரா, கங்காதர் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. மருந்து எடுத்துவந்த 61 மனச்சிதைவு நோயாளிகளை யோகப் பயிற்சி, பொதுவான உடற்பயிற்சி என இரு பிரிவாக்கினார்கள். நான்கு மாத முடிவில் இரு பிரிவும் தேறின. நோய்க்குறிகளிலும் சமூக இயக்கத்திலும் யோகப் பிரிவு கூடுதலாக முன்னேறியிருந்தது.

அதைவிட நமக்கு நெருக்கமானது, 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு. இந்தியாவின் மூன்று இடங்களில் 282 நோயாளிகளிடம் அது நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, மருந்து தவறாமல் பார்த்து, அன்றாடச் செயல்களை மீட்டு, குடும்பத்தைத் தேற்றினார்கள். ஒட்டுமொத்தப் பலன் மிதமானது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப்புற மையத்தில் நோய்க்குறியும் இயலாமையும் தெளிவாகக் குறைந்தன. மருத்துவமனை எட்டாத ஊரில், வீட்டுவாசலுக்கு வரும் ஒரு மனிதரின் மதிப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

4.3 பேரிடரும் போரும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் முகாம்களில் தங்கியிருந்த, பாதிப்புக் கடுமையாயிருந்த 183 பேரிடம் மூச்சுப்பயிற்சி அடிப்படையிலான யோக முறை பரிசோதிக்கப்பட்டது. பயிற்சிக்காகக் காத்திருந்த பிரிவைவிடப் பயிற்சி பெற்றவர்களின் துயரக்குறிகள் வெகுவாகக் குறைந்ததாக 2010-இல் முடிவு வெளியானது. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தசைத் தளர்வு, மூச்சு, மந்திர உச்சாடனம் ஆகிய மரபு வழிகளை அவரவர் சமயத்துக்கேற்ப நோயாளிகளுக்குக் கற்பித்தார். மருத்துவர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும்படி இருந்த இடத்தில், மக்களுக்கு முன்பே தெரிந்த அசைவே கைகொடுத்தது.

5. காஞ்சியின் உடம்பு

5.1 தறியின் உழைப்பு

காஞ்சிப் பட்டின் தனித்தன்மை கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், மூன்று நாடாக்களால் பின்னப்பட்டு, ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். 2005-06-இல் இப்பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெருமைக்குப் பின்னால் ஓர் உடம்பு இருக்கிறது: முன்குனிந்த முதுகு, அசையாத இடுப்பு, ஒரே கோணத்தில் மடியும் முழங்கால், இமைக்க மறந்த கண். கால் அசைகிறது, கை அசைகிறது; ஆள் நகர்வதில்லை. ஆயிரம் முறை மிதித்தும் ஓரடி தள்ளிப் போகாத உழைப்பு அது.

கோர்வைத் தறிக்குத் துணையாள் வேண்டும். ஒரு பக்கக் கரையின் நாடாவைத் துணையாள்தான் போட வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ இருந்தார்கள். முன்பணக் கடனுக்குப் பிணையாகக் குழந்தைகள் காஞ்சித் தறிகளில் கட்டுண்டு கிடந்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003-இல் அறிக்கையாக்கியது. விளையாட வேண்டிய வயதில் தறியோரத்தில் உட்கார்ந்த அந்தச் சிறுவர்கள் இன்று வளர்ந்து பெரியவர்களாகியிருப்பார்கள். ஓடாத பிள்ளைப் பருவம் பெரியவரின் மனத்தில் என்ன வைத்துவிட்டுப் போகிறது என்று இந்த ஊரில் பணிபுரியும் ஒவ்வொரு மனநலப் பணியாளரும் கேட்டறிய வேண்டும்.

5.2 உழைப்பு ஏன் மருந்தாவதில்லை

முன்னுரையில் எழுந்த கேள்விக்கு இங்கே வருகிறோம். உடலசைவும் மனநலமும் பற்றி 2017-இல் வெளியான ஒயிட் குழுவின் தொகுப்பாய்வு, அசைவு எங்கே நிகழ்கிறது என்று பிரித்துப் பார்த்தது. ஓய்வு நேரத்து அசைவு குறைந்த மனத்துயரோடு சேர்ந்து வந்தது. வேலையிடத்து உடலுழைப்போ கூடிய மனத்துயரோடு சேர்ந்து வந்தது. எரியும் கலோரி ஒன்றே, விளைவு எதிரெதிர்.

காரணங்களை நெசவாளியின் நாளிலேயே காணலாம். முதலாவது, நிறுத்தும் உரிமை. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதைக் கடனும் கெடுவும் தீர்மானிக்கின்றன. இரண்டாவது, அசைவின் வகை. சில தசைகள் தேய்கின்றன, சில தசைகள் உறங்குகின்றன. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய தொடர்ந்த வேகம் கிடைப்பதில்லை. மூன்றாவது, மீளும் நேரம். உழைத்த தசைக்கு ஓய்வு கிடைத்தால்தான் அது வலுவாகும். நான்காவது, பொருள். தான் நெய்த புடவையைத் தன் மகளுக்குக் கட்டிப் பார்க்க முடியாதவருடைய உழைப்பில் பெருமையும் கசப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

இதற்கு மாறாக, தறித்தொழிலுக்குள்ளேயே ஆற்றும் அசைவு ஒன்று இருந்தது. விடிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு எனும் நெடுக்கிழைத் தொகுதியை நீட்டிப் பதப்படுத்துவார்கள். இரு முனையிலும் ஆள் நிற்பார்கள். நடுவே இழை ஒட்டாமல், அறாமல், பிரித்து விட்டபடி சிலர் மேலும் கீழும் நடப்பார்கள். அறுந்த இழையை ஒருவர் முடிவார், இன்னொருவர் குரல் கொடுப்பார். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். திறந்த தெரு, இளங்காலை ஒளி, நிமிர்ந்த நடை, பக்கத்து வீட்டுத் துணை என அந்த ஒரு வேலையில் எல்லாம் இருந்தன. குழித்தறியும் பாவும் ஒரே புடவைக்கான உழைப்புதான். ஆனால் உடம்புக்கும் மனத்துக்கும் இரண்டும் ஒன்றல்ல. நாம் திட்டமிட வேண்டிய அசைவின் மாதிரி பாவு நீட்டிய தெருவில் இருக்கிறது.

6. ஊரில் உள்ள வளங்கள்

6.1 கோயிலும் சுற்றும்

காஞ்சி நடப்பதற்கென்றே அமைந்த ஊர். ஏகாம்பரநாதர் பிரகாரம், வரதராஜப் பெருமாள் கோயில் அத்திகிரியின் இருபத்துநான்கு படிகள், நான்கு ராஜ வீதிகள், சர்வதீர்த்தக் குளக்கரை என்று எங்கும் கால்கள் சுற்றித் திரும்பும் பாதைகள். கைலாசநாதர் கோயில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய சந்து உண்டு. குனிந்து, ஏறத்தாழத் தவழ்ந்து நுழைந்து, இருட்டில் சுற்றி, மறுபுறம் வெளிச்சத்துக்கு வர வேண்டும். அது மறுபிறப்புக்குச் சமம் என்பது நம்பிக்கை. ராஜசிம்ம பல்லவனின் சிற்பிகள் உடம்பின் வழியே மனத்தைத் தொடத் தெரிந்தவர்கள். வைகாசிக் கருடசேவையில் வரதர் சின்னக் காஞ்சியிலிருந்து பெரிய காஞ்சிக்கு எழுந்தருளும்போது, வீட்டுப் படியைத் தாண்டாதவர்களும் அன்று தெருவில் நடக்கிறார்கள்.

கோயில் சூழலுக்கு ஆற்றும் வலு உண்டா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ரகுராம் குழுவினர் திண்டுக்கல் பகுதியின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பார்த்து 2002-இல் எழுதினார்கள். சிறப்புச் சடங்கு ஏதும் அங்கே இல்லை. நோயாளிகள் கோயிலைப் பெருக்கினார்கள், செடிக்கு நீர் ஊற்றினார்கள், பிறரோடு உண்டார்கள். சில வாரத் தங்கலில் நோய்க்குறி அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தங்கிய இடத்தில் அச்சமின்மையும், செய்ய ஒரு சிறு வேலையும், மனிதர் என்ற மதிப்பும் கிடைத்ததையே ஆய்வாளர்கள் முக்கியமாகக் கண்டார்கள். ஏர்வாடிக் கொட்டகையையும் இந்தக் கோயில் முற்றத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மக்கள் தேடி வந்தது நம்பிக்கையால்தான். ஓரிடத்தில் காலைக் கட்டினார்கள், மற்றதில் கையில் துடைப்பம் கொடுத்தார்கள்.

6.2 கூத்து

கட்டைக்கூத்தின் தாய்நிலங்களுள் காஞ்சி ஒன்று. பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் குருகுலம் தொடங்கிப் பல ஆண்டுகள் பள்ளிக்கல்வியோடு ஆட்டத்தையும் கற்பித்தது. பெண்பிள்ளைகளும் அடவு கட்டினார்கள். கோபத்தையும் அழுகையையும் உரத்த குரலிலும் குதிக்கும் காலிலும் வெளிப்படுத்த ஊரே அனுமதிக்கும் மேடை அது. கூத்தைச் சிகிச்சை என்று பெயர்மாற்றத் தேவையில்லை. கலையாகவே அது நிற்கட்டும். ஆனால் வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பணியில் கூத்தடவும் சிலம்பமும் கும்மியும் இருக்க இடமுண்டு.

6.3 அரசின் கட்டமைப்பு

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது, இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை வரையறுத்தது. மாவட்ட மனநலத் திட்டமும் 14416 என்ற தொலைபேசி ஆலோசனையும் உள்ளன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தறிக்காரர் வீடு ஒவ்வொன்றும் தெரியும். இவை தனித்தனி இழைகளாகக் கிடக்கின்றன; ஒன்றாகக் கோக்க வேண்டும்.

7. செயல்முறை: காஞ்சிக்கு ஒரு முன்மொழிவு

7.1 கேட்டல். முதலில் அறிவுரை வேண்டாம். “ஒரு நாள்ல எப்ப எழுந்திரிக்கிறீங்க, எவ்வளவு நேரம் தறியில, எங்க வலிக்குது, முன்னாடி எது பிடிச்சிருந்தது?” என்று கேட்க வேண்டும். கபடி ஆடியவர், குளத்தில் நீந்தியவர், பஜனையோடு நடந்தவர் என்று ஒவ்வொருவரின் உடம்பிலும் ஒரு பழைய மகிழ்ச்சி இருக்கும். சிகிச்சை அங்கிருந்து தொடங்கட்டும்.

7.2 தறிக்குள் இடைவெளி. நெசவாளியின் நேரத்தைக் கடிகாரம் அளப்பதில்லை, தார் எனும் ஊடை நூல்கண்டு அளக்கிறது. சில தார் தீர்ந்ததும் ஒருமுறை குழியிலிருந்து எழுந்து, வாசல்வரை வந்து, முதுகை நிமிர்த்தி, தூரத்து மரத்தையோ கோபுரத்தையோ பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்வது என்று பழக்கலாம். கூலி குறையாத சிறு ஓய்வு அது.

7.3 பத்து நிமிட நடை. மனச்சோர்வில் இருப்பவரிடம் வாரம் 150 நிமிடம் என்ற உலக அளவுகோலைச் சொன்னால் அஞ்சிவிடுவார். தெருக்கோடிப் பிள்ளையார்வரை போய் வரட்டும். ஒரு வாரம் அது போதும். பிறகு குளக்கரை. மனச்சிதைவு நோயில் வாரத்துக்குச் சுமார் 90 நிமிட ஓரளவு வேகமான பயிற்சி நோய்க்குறிகளைக் குறைப்பதாக 2015-இன் ஒரு தொகுப்பாய்வு கண்டது. அந்த இலக்கைச் சில மாதங்களில் மெல்ல எட்டலாம்.

7.4 துணை. கோர்வைக்குத் துணையாள் தேவைப்படுவதுபோல் இதற்கும் ஒரு துணையாள் வேண்டும். முன்பு இதே நோயிலிருந்து மீண்டவர் துணையாக வந்தால் மிக நல்லது. அவருக்கு அதற்கான ஊதியமும் தர வேண்டும்.

7.5 பெண்கள். தார் சுற்றி, சமைத்து, பிள்ளை வளர்த்து, துணைத்தறியும் போடும் பெண்ணிடம் “உங்களுக்காக அரை மணி நேரம் ஒதுக்குங்க” என்று சொல்வது எளிது. அந்த அரை மணி நேரத்தை யார் தருவார்கள்? மாமியாரிடமும் கணவரிடமும் பேசுவது பணியாளரின் வேலையில் சேர்ந்தது. “அக்கா, சாயங்காலம் கோயிலுக்குப் போய் ஒன்பது சுத்து சுத்திட்டு வரலாமா?” என்று அடுத்த வீட்டுக்காரி கேட்டால் வீட்டில் எவரும் மறுப்பதில்லை. கோயிலுக்குப் போகாதவர்களுக்கும் போக விரும்பாதவர்களுக்கும் பள்ளி மைதானம், குளக்கரை, மொட்டைமாடி ஆகியவை சம வாய்ப்பாக இருக்க வேண்டும். இந்த ஊரில் எல்லாச் சமயத்தாரும் எல்லாச் சாதியாரும் வாழ்கிறார்கள். எவரையும் வாசலில் நிறுத்தும் சிகிச்சை, சிகிச்சையாகாது.

7.6 குறிப்பேடு. நடந்த தூரத்தைவிட உறங்கிய நேரம், சாப்பிட்ட வேளை, பேசிய மனிதர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நாம் தேடும் பலன் அங்கேதான் முதலில் தெரியும்.

8. எல்லைகளும் எச்சரிக்கைகளும்

முதலாவது, உயிராபத்து. சாக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவருக்கு நடைப்பயிற்சி எழுதிக்கொடுத்து அனுப்பக்கூடாது. உடனடி மருத்துவ உதவியும் உடனிருப்பும் வேண்டும். இரண்டாவது, மருந்து. நடை தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மூன்றாவது, வெயில். லித்தியம் எடுப்பவர் வியர்த்து நீரிழந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடி நச்சாகலாம். மனச்சிதைவு மருந்துகள் சில, வெப்பம் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும். காஞ்சியின் கோடையில் பயிற்சி விடிகாலையிலோ பொழுது சாய்ந்தோ நடக்க வேண்டும். தண்ணீர் கூடவே இருக்க வேண்டும். நான்காவது, உடல்நோய். ரத்தசோகை, இதயநோய், முழங்கால் தேய்மானம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஐந்தாவது, கட்டாயம். விருப்பமில்லாமல் வரிசையில் நிற்கவைத்து ஆட்டுவிக்கும் பயிற்சி, சங்கிலியின் இன்னொரு வடிவமே.

எல்லாவற்றையும்விடப் பெரிய எல்லை ஒன்றுண்டு. கடன் நடையால் அடையாது. கச்சாப் பட்டின் விலையேற்றத்தையும் ஜரிகை விலையையும் விசைத்தறிப் போட்டியையும் மூச்சுப்பயிற்சி தீர்க்காது. நியாயமான கூலியும் வட்டியில்லா முன்பணமும் பாதுகாப்பான தறிக்கூடமும் மனநலச் சிகிச்சையின் பகுதிகளே. உடலியக்கத்தைக் காட்டி இவற்றை மறைக்கும் எவருடைய திட்டத்துக்கும் இக்கட்டுரை துணைபோகாது.

9. முடிவுரை

“நாள் முழுக்க உடம்பாலதானே பாடுபடறேன்?” என்ற நெசவாளியிடம் இனி இப்படிச் சொல்லலாம்: “ஆமாம் ஐயா, அதனாலதான் கேக்கறேன். அந்த உடம்பு இதுவரைக்கும் தறிக்கும் கடனுக்கும் பிள்ளைகளுக்கும் உழைச்சது. நாளைக்குக் காலையில பத்து நிமிஷம் அது உங்களுக்காக நடக்கட்டும். நானும் கூட வரேன்.”

கடைசி வாக்கியம் இல்லாமல் முதல் மூன்றும் பயன்படா. சான்றுகள் காட்டும் பலனில் பாதி கால்களில் இருக்கிறது. மறுபாதி கூட நடப்பவரிடம் இருக்கிறது. முதற்படியாகப் பிள்ளையார்பாளையத்தின் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். மீண்டெழுந்த ஒருவர், பயிற்சி பெற்ற ஒரு பணியாளர், மாதம் ஒருமுறை வரும் மனநல மருத்துவர், விடிகாலை அரை மணி நேரம், இவ்வளவே தேவை. பாவு நீட்டுவதற்காக அந்தத் தெரு பல தலைமுறைகளாக விடியுமுன் பெருக்கித் தண்ணீர் தெளிக்கப்பட்டிருக்கிறது. இனி மனிதர்கள் நடப்பதற்காகவும் அது தயாராகட்டும்.